வாக்குச்சீட்டின் கடைசியில் "மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்ட சூப்பர்வைசர்" என்று ஒரு பதவி: இவர்கள் யார், என்ன வேலை?

புதுக்குடிமகன் (கேரி, வட கரோலினா)

எல்லாருக்கும் வணக்கம். குடியுரிமை வந்த பிறகு எனக்கு இது முதல் தேர்தல். மாதிரி வாக்குச்சீட்டை இறக்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீதிபதிகள், ஷெரிஃப், பள்ளி வாரியம் வரைக்கும் சரி, ஓரளவு புரிகிறது. எல்லாம் முடிந்து அடியில் "சாயில் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் சூப்பர்வைசர்" என்று ஒன்று. நிற்பவர்களுக்குக் கட்சிப் பெயர் இல்லை. தேடினால் ஒருவருக்கு ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது, இன்னொருவருக்கு அதுவும் இல்லை. அலுவலகத்தில் பத்து இருபது வருடமாக ஓட்டுப் போடுகிறவர்களைக் கேட்டால் "அதைக் காலியாக விட்டுடு, எல்லாரும் அப்படித்தான்" என்கிறார்கள். இது விவசாயிகளுக்கு மட்டுமான சமாச்சாரமா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை போகிறது, ஒவ்வொரு பெருமழைக்கும் கரை கொஞ்சம் சரிகிறது. அதற்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டா?

செம்மண்

காலியாக விடாதீர்கள். எனக்குத் தொழிலே மண்ணோடுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மாநிலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹ்யூ ஹாமண்ட் பென்னெட் என்பவர் 1881இல் வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) ஒரு பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மண் வரைபடம் போடும் அரசு வேலையில் சேர்ந்து தெற்கு மாநிலங்கள் முழுக்க நடந்தவர். அந்தப் பகுதியில் நூறு வருடத்துக்கு மேல் பருத்தியும் மக்காச்சோளமும் புகையிலையும் போட்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக உழுது உழுது, மேல்மண் எல்லாம் ஆற்றோடு போயிருந்தது. பீட்மான்ட் என்று சொல்கிறோமே, வர்ஜீனியாவிலிருந்து அலபாமா வரை நீளும் மேட்டுநிலம், அங்கே சராசரியாக 7 அங்குல மேல்மண் போய்விட்டது என்று பிறகு கணக்கிட்டார்கள். கேரி, ராலே பக்கம் வீடு கட்டக் குழி தோண்டினால் உடனே சிவப்புக் களிமண் வருகிறது அல்லவா, அது அந்த நிலத்தின் இயல்பான மேல்பரப்பு இல்லை. மேலே இருந்தது போன பிறகு மிஞ்சிய அடிமண். ஜார்ஜியாவில் பிராவிடன்ஸ் கேன்யன் என்று ஒரு பூங்கா, 150 அடி ஆழப் பள்ளத்தாக்கு, சுற்றுலாப் பயணிகள் போய்ப் படம் எடுக்கிறார்கள். 1800களில் கண்டபடி உழுததில் விழுந்த ஓடைப் பள்ளம்தான் அது, வேறொன்றும் இல்லை.

பென்னெட் 1928இலேயே மண் அரிப்பு இந்த நாட்டுக்கே ஆபத்து என்று அரசு அறிக்கை எழுதினார். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்புறம் 1930களில் ஒக்லஹோமா, கன்சாஸ் பக்கமிருந்து புழுதிப் புயல் கிளம்பி வாஷிங்டன் வரை வந்தது. செனட் குழு முன்னால் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கியது, புயல் வரும் நேரம் தெரிந்துதான் அவர் பேச்சை இழுத்தடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எவ்வளவு மசாலா சேர்ந்ததோ, 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது நிஜம். விவசாயத் துறைக்குள் மண் பாதுகாப்புச் சேவை என்று தனி அமைப்பு வந்தது, முதல் தலைவர் பென்னெட்.

இங்கேதான் உங்கள் வாக்குச்சீட்டு வருகிறது. வாஷிங்டன் அதிகாரி வந்து "இப்படி உழு, அப்படி உழாதே" என்றால் எந்த விவசாயியும் வேலிக்குள் விடமாட்டான். அதனால் 1937 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். உள்ளூர்க்காரர்களே சேர்ந்து ஒரு மாவட்டம் அமைத்துக்கொள்ளுங்கள், குழுவை நீங்களே தேர்ந்தெடுங்கள், தொழில்நுட்ப ஆட்களை நாங்கள் அனுப்புகிறோம் என்பது ஏற்பாடு. அதன்படி அமைந்த முதல் மாவட்டம் பிரௌன் க்ரீக், 1937 ஆகஸ்ட் 4, பென்னெட் பிறந்த அதே ஆன்சன் கவுண்டியில். இன்று நாடு முழுக்க ஏறக்குறைய 3,000 இருக்கின்றன.

வட கரோலினாவில் குழுவுக்கு 5 பேர். 3 பேர் தேர்தலில் வருகிறார்கள், 2 பேர் நியமனம். கட்சி கிடையாது, 4 வருடம், சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நிற்க நிலம் வைத்திருக்க வேண்டியதும் இல்லை, கவுண்டியில் பதிவான வாக்காளர் யாரும் நிற்கலாம். மனுத்தாக்கல் கட்டணம் 5 டாலர்.

நெடுஞ்சாலை_85

5 டாலரா! ஒரு காபி காசில் வேட்பாளர் ஆகிவிடலாம் போலிருக்கிறதே. நம் ஆள் ஒருவரை நிறுத்துங்கப்பா.

ஏரிக்கரை (மாரிஸ்வில்)

செம்மண் சார் விவசாயத்தோடு நிறுத்திவிட்டார். கேரி, மாரிஸ்வில், ஏபெக்ஸ்காரர்கள் குழாயைத் திறந்தால் வருவது ஜார்டன் ஏரித் தண்ணீர். அந்த ஏரி 1980களின் தொடக்கத்தில் நிரம்பியது, 1983லேயே "சத்து மிகுந்து கெடக்கூடிய நீர்நிலை" என்று அரசு அறிவித்துவிட்டது. மேலே இருக்கும் ஊர்களின் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம், வயல், புல்தரை எல்லாவற்றிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்து சேர்கிறது, கோடையில் பாசி பூக்கிறது. இந்தச் சமயத்தில்தான் மாநிலம் ஒரு பணத்திட்டம் கொண்டு வந்தது. விவசாயி ஓடைக்கரையில் வேலி போட்டு மாட்டைத் தண்ணீருக்குள் இறங்காமல் தடுத்தால், புல்பட்டை விட்டால், சாணத்தைக் கொட்டகைக்குள் சேர்த்து வைத்தால், செலவில் 75 சதவீதம் வரை திருப்பித் தருவார்கள். யாருக்குக் கொடுப்பது, எதை முதலில் செய்வது என்று உள்ளூரில் முடிவு செய்வது நீங்கள் காலியாக விடப்போகிற அந்தக் குழு.

இன்னொன்று. ஏர்போர்ட் போகிற வழியில் லேக் க்ராப்ட்ரீ இருக்கிறதே, வார இறுதியில் பாதிப் பேர் நடக்கப் போகிறோம், அது இயற்கை ஏரி இல்லை. க்ராப்ட்ரீ ஓடை வெள்ளம் ராலேக்குள் புகாமல் இருக்கக் கட்டிய அணை. 1954இல் வந்த சிறு நீர்ப்பிடிப்புச் சட்டம், அது மாதிரி வேறு சில மத்திய அரசுத் திட்டங்கள் எல்லாவற்றின் கீழும் இந்த மாதிரி மண் அணைகள் நாடு முழுக்க 11,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. பல இடங்களில் அணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த மாவட்டங்களுடையது.

சந்தேகப்பிராணி

எல்லாரும் மாலை போடுகிறீர்கள், நான் கொஞ்சம் கழற்றிப் பார்க்கிறேன்.

முதலில் குட்ஸு. 85ஆம் எண் நெடுஞ்சாலையில் அட்லாண்டா போகும்போது மரம், மின்கம்பம், இடிந்த வீடு எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு ஒரு கொடி கிடக்கிறதே, அதைத் தெற்கு முழுக்கப் பரப்பியது யார்? இதே மண் பாதுகாப்புச் சேவை. அரிப்பைத் தடுக்கும் என்று 7 கோடிக்கும் மேல் நாற்று வளர்த்து, நடுகிற விவசாயிக்கு ஏக்கருக்கு 8 டாலர் வரை கையில் கொடுத்தார்கள். கொடுத்த காசு நின்ற பிறகு பல பேர் உழுது போட்டுவிட்டார்கள், உழாத இடத்தில் அது நம்மை ஆள்கிறது.

இரண்டாவது, "தானாக முன்வந்து" என்ற தத்துவம். அபராதம் போட முடியாது, வழக்குப் போட முடியாது, கெஞ்சலாம், பணம் தரலாம், அவ்வளவுதான். கிழக்கு கரோலினாவில் பன்றிப் பண்ணைகள் எப்படிப் பெருகின, யார் தடுத்தார்கள்? 1999இல் ஃப்ளாய்ட் புயல் வந்தபோது கழிவுக் குளங்களை வெள்ளம் மூடியது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? வெள்ளச் சமவெளியில் இருக்கும் பண்ணைக்காரர் விருப்பப்பட்டால் பணம் கொடுத்து மூட வைக்கும் திட்டம். மறுபடியும் விருப்பப்பட்டால்! ஐயோவாவில் டெ மொய்ன் நகரக் குடிநீர் நிறுவனம் வயல்களிலிருந்து வரும் நைட்ரேட்டைத் தாங்க முடியாமல் 2015இல் மேற்புறக் கவுண்டிகளின் வடிகால் மாவட்டங்கள் மேல் வழக்கே போட்டது, 2017இல் தள்ளுபடி. நகரத்துக்காரன் காசு கட்டி நைட்ரேட்டை வடிகட்டிக் குடிக்கிறான், மேலே இருப்பவனுக்கு விருப்பம் வரும் வரை.

செம்மண்

குட்ஸுவுக்குப் பதில் இல்லை, அது நடந்ததுதான். மல்ட்டிஃப்ளோரா ரோஜாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உயிர்வேலி என்று சொல்லிக் கொடுத்தார்கள், இப்போது பல மாநிலங்களில் களைப் பட்டியலில் இருக்கிறது.

பன்றி விஷயத்தில் நீங்கள் ஆளை மாற்றிப் பிடிக்கிறீர்கள். பண்ணைக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை. 1997இல் புதிய பண்ணைகளுக்குத் தடை போட்டது சட்டமன்றம். சூப்பர்வைசர் குழுவுக்கு அந்த அதிகாரமே கொடுக்கப்படவில்லை. 1937 மாதிரிச் சட்டத்தில் நிலப் பயன்பாட்டுக்கு விதி போடும் அதிகாரமும் இருந்தது, பெரும்பாலான இடங்களில் அதை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் மாவட்டமே உருவாகியிருக்காது என்பது என் எண்ணம்.

அதிகாரம் இல்லாதவன் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். உழாமல் விதைக்கும் டிரில் எந்திரம் புதிதாக வாங்கினால் விலை பல பத்தாயிரம் டாலர், ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவனால் முடியாது. பல மாவட்டங்கள் ஒன்றை வாங்கி நிறுத்தி ஏக்கருக்கு இத்தனை என்று வாடகைக்கு விடுகின்றன. போன அறுவடையின் தட்டை அப்படியே நிற்க, வட்டத் தகடு அதைக் கீறிக்கொண்டு போகும், விதை அந்தக் கீறலில் விழும், பின்னால் வரும் சின்னச் சக்கரம் மூடிவிடும். வயலைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். "இதெல்லாம் எங்கள் மண்ணுக்குச் சரிவராது" என்று சொல்லும் பெரியவருக்கு அலுவலர் விரிவுரை செய்வதில்லை. இரண்டு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, உழுத வயலிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, உழாத வயலிலிருந்து ஒன்று, கம்பிவலையில் வைத்து இறக்குவார். உழுத மண் சில நிமிடத்தில் கரைந்து தண்ணீர் கலங்கிவிடும். மற்றது கட்டியாகவே உட்கார்ந்திருக்கும், வேரும் பூஞ்சையும் விடும் பசை பிடித்துக்கொண்டிருப்பதால். பெரியவர் தன் வயல் மண்ணைத் தானே கொண்டுவந்து போட்டுப் பார்ப்பார். அடுத்த பருவம் டிரில்லுக்குப் பெயர் கொடுப்பார், எல்லாரும் இல்லை, சிலர்.

டெக்சாஸ்_தாத்தா

தம்பிகளா, எங்கள் ஊர் நிலவரமும் கேளுங்கள். டெக்சாஸில் 216 மாவட்டம். ஆனால் இங்கே பொது வாக்குச்சீட்டில் தேடினால் கிடைக்காது. அந்தப் பகுதியில் விவசாய நிலமோ மேய்ச்சல் நிலமோ சொந்தமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் ஓட்டு, கூட்டம் போட்டு அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. தண்ணீர் குடிப்பவன் நகரத்தில் இருக்கிறான், ஓட்டு நிலக்காரனுக்கு. வெள்ளம் தடுக்கும் சிறு அணைகள் மட்டும் இந்த மாநிலத்தில் 2,000 பக்கம் இருக்கின்றன. கட்டும்போது கீழே வெறும் மேய்ச்சல் காடு, இப்போது பல இடத்தில் அணைக்குக் கீழேயே வீட்டு மனை போட்டுவிட்டார்கள்.

ராமநாதபுரத்துக்காரனாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே மெஸ்கீட் என்று ஒரு முள்மரம் மேய்ச்சல் நிலத்தை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் தடவை பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட அண்ணன். அதே புரோசோபிஸ் பேரினம்தான். அதை வெட்டினால் ஆற்றில் தண்ணீர் கூடும் என்று அரசுப் பணத்தில் திட்டம் போட்டு, நார்த் கான்சோ ஆற்றுப் பக்கம் ஏராளமாக அழித்தார்கள். எதிர்பார்த்த தண்ணீர் வரவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். மரம் மட்டும் காரணம் இல்லை, மண் இறுகிக் கிடந்ததும் மேய்ச்சல் மாறியதும் சேர்ந்த கணக்கு அது. ஊரில் கோர்ட் உத்தரவு வந்து பொக்லைன் வைத்துப் பிடுங்கியபோது இதைச் சொன்னேன், என்னைக் கருவேலத்தின் ஏஜென்ட் என்றார்கள்.

நெடுஞ்சாலை_85

😂😂 ஐயா, கருவேல ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு?

ஹில்ஸ்பரோ_அக்கா (ஓரிகன்)

இங்கே கதையே வேறு, எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் துவாலட்டின் மாவட்டத்துக்கு 2016இல் மக்களே ஓட்டுப் போட்டு வரி கொடுத்தார்கள். சொத்து மதிப்பில் 1,000 டாலருக்கு 9 சென்ட் வரை. ஓரிகனில் வாக்காளர் ஒத்துக்கொண்டால் இந்த மாவட்டங்கள் வரி வாங்கலாம், வட கரோலினாவில் அப்படி இல்லை என்று நினைக்கிறேன். வருடா வருடம் மாநிலப் பணம் வருமா கவுண்டிப் பணம் வருமா என்று கையேந்தாமல் ஆள் எடுக்க முடிகிறது, அதுதான் பெரிய வித்தியாசம்.

துவாலட்டின் ஆற்றுக்கு வந்த பிரச்சினை சூடு. சுத்திகரித்து விடும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, மீனுக்கு ஆகாது. தண்ணீரைக் குளிரூட்டும் எந்திரம் வைத்தால் பல கோடி டாலர் செலவு, அப்புறம் காலத்துக்கும் கரண்ட் பில். அதற்குப் பதிலாக ஓடைக்கரை முழுக்க மரம் வைத்து நிழல் உண்டாக்குகிறோம் என்று சுத்திகரிப்பு நிறுவனம் கேட்டது, 2004இல் அனுமதி கிடைத்தது. ஆனால் கரை எல்லாம் விவசாயிகள் நிலம். அங்கேதான் மாவட்டம் வந்தது. கரையோரப் பட்டையை விட்டுக்கொடுக்கும் விவசாயிக்கு வருட வாடகை, நாற்று, நடும் ஆள், களையெடுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வில்லோ, ஆல்டர், செடார் என்று உள்ளூர் மரமாக வைத்தார்கள். முதல் சில வருடம் ஹிமாலயன் பிளாக்பெர்ரி என்ற முட்புதர் ஏறி நாற்றை அமுக்கிவிடும், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை அது.

அப்புறம் ஒரு வேடிக்கை. சுத்தமான வெள்ளைப் பருத்தி ஜட்டி ஒன்றை வயலில் புதைத்து 2 மாதம் கழித்துத் தோண்டி எடுக்கச் சொல்வார்கள். மண்ணில் உயிர் இருந்தால் துணி முழுக்கத் தின்று எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். செத்த மண் என்றால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் போல வரும். என் வீட்டு லான் மண் எந்த ரகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

சந்தேகப்பிராணி

அக்கா, நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஆறு சூடாகக் கூடாது என்று சட்டம் கழுத்தில் கத்தி வைத்ததால்தானே அந்த நிறுவனம் மரத்துக்கு வந்தது? சட்டம் இல்லாவிட்டால் வெந்நீரை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

செம்மண்

அதை மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் பிடி சுத்திகரிப்பு நிலையத்தின் மேல்தான் இருந்தது, விவசாயி மேல் இல்லை. அவன் கரையில் மரம் வை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவன் வேலிக்குள் போகிற ஆள் ஒருவன் வேண்டும், அவன் இன்ஸ்பெக்டராக இருந்தால் கதவு திறக்காது. இந்த மாவட்டங்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். அதிகாரம் வேறு ஒருவரிடம் இருக்கட்டும், கறாராகவே இருக்கட்டும். இவர்களிடம் டிரில்லும் செக்புக்கும் இருக்கட்டும். இப்போது பல மாநிலங்களில் முதலாவது பலவீனமாக இருக்கிறது, அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

புதுக்குடிமகன் உங்கள் ஓடைக்கே வருகிறேன். கேரியில் பாதி நூஸ் ஆற்றுக்கு வடிகிறது, பாதி ஜார்டன் ஏரி இருக்கும் கேப் ஃபியர் ஆற்றுப் பக்கம். நூஸ் பக்கம் 1997 முதல், ஜார்டன் ஏரிப் பக்கம் 2009 முதல், ஓடைக்கரையிலிருந்து 50 அடிக்கு விதி உண்டு. முதல் 30 அடியில் மரம் செடியில் கை வைக்கக் கூடாது, அடுத்த 20 அடியில் புல் இருக்கலாம். இது மாநில விதி, மீறினால் அபராதம் உண்டு. கரை சரிகிறதே என்று கல் கொட்டவோ மரத்தை எடுக்கவோ ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் ஊர் அலுவலகத்தில் கேளுங்கள்.

மாவட்டம் உதவுவது அடுத்த கட்டத்தில். வயல் இல்லாத சாதாரண வீட்டு மனைக்கென்று 2006இல் தனியாக ஒரு திட்டம் வந்தது: மழைத் தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி வைத்த சின்னப் பள்ளம்), மழைநீர்த் தொட்டி, கரையில் செடி வைத்துப் பலப்படுத்துவது, இதற்கெல்லாம் செலவில் 75 சதவீதம் வரை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையை ஆரம்பித்தால் ஒரு பைசா வராது, இதை மட்டும் மறக்க வேண்டாம். வருட நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும், வரிசையில் நிற்க வேண்டி வரலாம்.

இரண்டு_பிள்ளை_அம்மா

யாரும் என்விரோதான் பற்றிச் சொல்லவில்லையே? பென்சில்வேனியாவில் 1979இல் இந்தப் பாதுகாப்பு மாவட்டங்கள் ஆரம்பித்த பள்ளிப் போட்டி, இப்போது நாடு முழுக்க நடக்கிறது. 5 பேர் கொண்ட அணி, மண், நீர்வாழ் உயிர், காடு, வனவிலங்கு, அந்த வருடத் தலைப்பு ஒன்று. அறைக்குள் உட்கார்ந்து எழுதுவது இல்லை. தோண்டிய குழிக்குள் இறங்கி மண்ணைக் கையில் பிசைந்து களியா மணலா என்று சொல்ல வேண்டும், நாடாவைச் சுற்றி மரத்தின் விட்டம் அளக்க வேண்டும். ஸ்பெல்லிங் பீக்கு அலைகிற நம் ஆட்கள் பாதிப் பேர் பிள்ளைகளை இங்கே அனுப்பலாம். என் மகள் திரும்பி வரும்போது ஷூ முழுக்கச் சேறு, வழியெல்லாம் இது என்ன மரம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாவட்டத்தில் வருடா வருடம் மலிவாக மரக்கன்றும் விற்கிறார்கள் பல கவுண்டிகளில், குளிர்காலம் முடிவதற்குள் சொல்லி வைக்க வேண்டும்.

புதுக்குடிமகன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வேட்பாளர் இருவருக்கும் மின்னஞ்சல் போட்டேன். ஒருவர் மறுநாளே பதில் போட்டார், தன் பண்ணையில் என்னென்ன செய்கிறார் என்று பெரிய கடிதம். மற்றவர் இன்னும் இல்லை. மழைத் தோட்டம் போடலாம் என்று ஆசை வந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

செம்மண்

வெப் சாயில் சர்வே என்று அரசுத் தளம் இருக்கிறது, இலவசம். முகவரியைப் போட்டு உங்கள் மனையைக் கோடிட்டால் மண்ணின் பெயர் வரும். என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

புதுக்குடிமகன்

"ஒயிட் ஸ்டோர்" என்று வருகிறது.

ஏரிக்கரை (மாரிஸ்வில்)

ஐயையோ. எங்கள் வீட்டிலும் அதுதான்.

செம்மண்

மேற்குக் கேரி, மாரிஸ்வில் எல்லாம் ட்ரையாசிக் என்ற மிகப் பழைய புவியியல் காலத்துப் பள்ளத்தின் மேல் இருக்கிறது, அதனால்தான். ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கிற களி. தண்ணீர் கீழே இறங்காது. மழைத் தோட்டத்தில் தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்குள் வடிய வேண்டும், இல்லையென்றால் கொசு வளர்ப்பீர்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு தடவை ஊறவிட்டு, மறுபடி நிரப்பி மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் மழைத் தோட்டத்தை மறந்துவிட்டு, கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பெரிய தொட்டிக்கு விண்ணப்பம் போடுங்கள். குழி வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும். தோண்டுவதற்கு முன் 811க்கு ஒரு போன் போட்டு கேஸ், கேபிள் எங்கே போகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள்.